ஹெல்மெட் பிறந்த கதை

2019 பிப்ரவரியில் பாண்டிச்சேரியில் ஹெல்மெட்டை வைத்தே அரசியல் நடந்தது. கட்டாயம் என்ற துணைநிலை ஆளுநர் கிரண்பேடி, தானே சாலையில் இறங்கி வண்டிகளை மறித்தார். சட்டமன்ற வாசலில் எம்.எல்.ஏ.க்கள் ஹெல்மெட்டைத் தரையில் போட்டு உடைத்தார்கள். முதலமைச்சர் நாராயணசாமி கறுப்புச் சட்டையில் ராஜ்நிவாஸ் எதிரே தர்ணா உட்கார்ந்தார். அவருக்கு வேறு கோரிக்கைகளும் இருந்தன என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இத்தனை ரகளைக்கு ஆளான பொருள் பிறந்தது ஒரு பந்தய மைதானத்தில். இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் எரிக் கார்ட்னர் என்றொரு மருத்துவர் இருந்தார். மண்டை அடிபட்டு வரும் பைக் வீரர்களைப் பார்த்துப் பார்த்து, கித்தான் துணியில் அரக்கேற்றி விறைப்பாக்கிய தொப்பி ஒன்றைச் செய்வித்தார். பந்தயக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். 1914-ல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்துக்கு அதுவே கட்டாயமானது.

சாலைக்கு வர இன்னொரு சாவு வேண்டியிருந்தது. 1935 மே மாதம், சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள்மீது மோதாமலிருக்க பைக்கை ஒடித்துத் திருப்பி விழுந்தார் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று பெயர்பெற்ற முன்னாள் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். பார்த்த மருத்துவர்களில் ஒருவர் நரம்பியல் அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ். அவர் அதை விடவில்லை. 1941-ல், ராணுவத்தில் பைக் ஓட்டுபவர்களுக்கு ஹெல்மெட் எவ்வளவு முக்கியம் என்று கட்டுரை எழுதினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் கட்டாயமாக்கியது.

உள்ளே இருக்கும் மெத்தை அதற்கும் பிறகு வந்தது. அமெரிக்காவில் சார்லஸ் லொம்பார்டு 1953-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய ஹெல்மெட்டைப் பிரித்துப் பார்த்தால் தெர்மாக்கோல்தான் இருக்கும். அடி விழும்போது அது நசுங்குகிறது; நசுங்குவதுதான் அதன் வேலை. ஒருமுறை நசுங்கினால் பழையபடி உப்பாது. பெரிய அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி மாட்டுவது வெறும் கூட்டை மாட்டுவதுதான்.

ஹெல்மெட் இருந்தால் மண்டை ஓடு பெரும்பாலும் தப்பிவிடும். ஓட்டுக்குள் நீரில் மிதக்கிற மூளை குலுங்கிச் சுழல்வதை அந்தத் தெர்மாக்கோல் அவ்வளவாகத் தடுப்பதில்லை. பி.எம்.எக்ஸ். சைக்கிள் சாகசத்தில் எக்ஸ் கேம்ஸ் பதக்கங்கள் 24 வாங்கிய டேவ் மிர்ரா, 2016 பிப்ரவரியில், 41 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மூளையைச் சோதித்தபோது, குத்துச்சண்டை வீரர்களிடமும் அமெரிக்கக் கால்பந்து வீரர்களிடமும் கண்ட சி.டி.இ. என்ற சிதைவு நோய் இருந்தது. டௌ என்ற புரதம் மூளை மடிப்புகளில் படிந்திருந்தது. சாகச விளையாட்டுக்காரர் ஒருவரிடம் அது உறுதியானது அதுவே முதல்முறை. இந்த நோய்தான் அவரைக் கொன்றது என்று மருத்துவம் சொல்லவில்லை. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் தேடுவதே தவறு. அவர் குத்துச்சண்டையும் ஆடியவர். இளவயதில் கார் மோதி மண்டை ஓட்டில் விரிசல் கண்டவர்.

சுழற்சியைக் குறைக்க ஸ்வீடனில் 1990-களில் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட் என்ற நரம்பியல் அறுவை நிபுணர், பொறியாளர் பீட்டர் ஹால்டினோடு சேர்ந்து, ஹெல்மெட்டுக்குள் சற்றே வழுக்கி நகரும் ஓர் அடுக்கை யோசித்தார். 2007-ல் குதிரையேற்ற ஹெல்மெட்டில் அது முதலில் வந்தது. சைக்கிளுக்கும் பைக்குக்கும் பிறகு. அதுவும் சுழற்சியைக் குறைக்கும், அவ்வளவுதான். உயிரோடிருப்பவருக்கு சி.டி.இ.யை உறுதிசெய்யும் பரிசோதனை இன்னும் இல்லை. ஆகவே சாகசம் செய்து விழுந்த பையனுக்குக் கண் இருட்டினால், ஹெல்மெட்டில் கீறலே இல்லாவிட்டாலும் அன்றைக்கு அவனை மறுபடி சீட்டில் ஏற்றக்கூடாது.