கையின் வரலாறு: திருவள்ளூர்–கும்மிடிப்பூண்டிப் பகுதியில் மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவம், 1955 முதல்

1955ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மூன்று காரியங்கள் தனித்தனியே நடந்தன. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்பகுதியில், பொலம்பாக்கத்தில், பெல்ஜிய மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் ஒரு தொழுநோய் மையத்தைத் தொடங்கினார். அதே மாவட்டத்துத் திருமணியில் இயங்கிவந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தை நடுவண் அரசு ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்ததும் அவ்வாண்டில்தான். முதல் இரண்டும் நோயால் முடங்கிய கையைப் பற்றியவை. மூன்றாவது, இயந்திரத்தில் சிதைந்த கைக்கு ஈடு கட்டுவதையும் தன் பொறுப்பாகக் கொண்டது. மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி அப்போது விவசாய ஊர்.

தொழுநோய்ப் பணி, தொழிலாளர் காப்பீடு என்ற இந்த இரண்டு மரபுகளும் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்தன. இரண்டும் உறுப்பை நன்றாகக் கவனித்தன. அந்த உறுப்புக்கு உரிய மனிதர், தன் ஊரிலேயே, காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பல்வலிக்கும் தடையின்றி மருத்துவம் பெறுவது எப்படி என்ற கேள்வியை இரண்டுமே எடுத்துக்கொள்ளவில்லை. கும்மிடிப்பூண்டியின் இன்றைய மருத்துவக் குறைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

மரத்தடி

ஹெமரிக்ஸ் பெல்ஜியக் காங்கோவின் உட்கிராமங்களில் இருபதாண்டுகளுக்கு மேல் தொழுநோய்ப் பணி செய்துவிட்டு வந்தவர். நோயாளியை ஊரிலிருந்து பிரித்து இல்லத்தில் அடைப்பதே அக்காலத்து வழக்கம். டாப்சோன் மாத்திரை வந்தபின் அதற்குத் தேவையில்லை என்பதை அவர் ஆப்பிரிக்காவில் கண்டிருந்தார். பொலம்பாக்கத்தில் அந்த அனுபவம் மரத்தடி மருத்துவமனைகளாக உருவெடுத்தது. குறித்த நாளில், குறித்த சாலையோர மரத்தின் கீழ், வண்டி வந்து நிற்கும். மாத்திரை கொடுப்பார்கள், புண்ணுக்குக் கட்டுப்போடுவார்கள், பதிவேட்டில் குறிப்பார்கள். 1960இல் அவர் விலகியபின் மருத்துவர் கிளேர் வெல்லூட் பல ஆண்டுகள் அந்தப் பணியை நடத்தினார்.

அந்த முறையின் வலிமை மருந்தில் மட்டும் இல்லை. நாள் மாறாது, இடம் மாறாது, வரும் ஊழியரும் பெரும்பாலும் மாறமாட்டார். உணர்விழந்த காலோடு நடப்பவருக்கு இந்த நிச்சயம் மாத்திரையைப்போல முக்கியமானது. இதோடு, வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்டு 1948 முதல் தசைநாண்களை இடம் மாற்றி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை வளர்த்தெடுத்தார். எம்.சி.ஆர். எனும் மென்ரப்பர் செருப்பு, விரல்களுக்கான சிம்பு, அன்றாடம் கால்களைத் தானே பார்த்துக்கொள்ளும் பழக்கம் ஆகியவை கீழ்நிலை ஊழியர்கள்வரை பரவின.

1983இல் கூட்டு மருந்துச் சிகிச்சையோடு தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் வந்தது. ஆயுள் முழுதும் சாப்பிட்ட மாத்திரை குறித்த காலத்தில் முடிந்தது. பெரும் சாதனை அது. 1990களின் பிற்பகுதியில் தொழுநோய்ப் பணி பொதுச் சுகாதாரத்தோடு இணைக்கப்பட்டது. 2005 டிசம்பரில், தேசிய அளவில் தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்டது. நோய்க் கணக்கு குறைந்தது. ஏற்கனவே முடங்கிய கைகளின் கணக்கு அதே வேகத்தில் குறைய வழியில்லை. சிம்பு கட்டவும் புண்ணைக் கழுவவும் தெரிந்த ஊழியர்கள் வேறு பணிகளில் கரைந்தார்கள். இந்த மாவட்டத்தின் மிகப்பெரிய இழப்பு இதுவே என்று கருதுகிறேன்.

வீடுவீடாகச் செல்லும் ஆற்றல் பொது மருத்துவத்துக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1968 முதல் திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கி நடந்த பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு உலகப் புகழ் பெற்றது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற அதன் முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஊழியர்கள் வாசல்வரை வந்தார்கள், ஒரு நோயைத் தேடி.

இயந்திரம்

1971இல், தொழிற்பேட்டைகளை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட் உருவானது. அதன் பின் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை எழுந்தது. உருக்காலை, ரோலிங் மில், வார்ப்பாலை, பிரஸ் பட்டறை என்று வளர்ந்தது. பவர் பிரஸ்ஸில் தகடு வைக்கும் கை நொடிப்பொழுது தவறினாலும் விரல் போகும்.

அந்த விரலுக்கு வடசென்னையில் ஒரு புகலிடம் இருந்தது. ஸ்டான்லி மருத்துவமனையில் 1970களின் தொடக்கத்தில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கெனத் தனித்துறையைக் கட்டியெழுப்பினார். விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டால், விரலின் பக்கத்துத் தோலை நரம்போடும் இரத்தக் குழாயோடும் முக்கோணமாக நகர்த்தி நுனியை மூடும் முறையை 1980இல் அவர் சக மருத்துவருடன் வெளியிட்டார். விரலின் நீளமும் தொடு உணர்வும் மிஞ்சும். கைத்தொழிலாளிக்கு இரண்டும் வேண்டும். உலகெங்கும் கை அறுவை மருத்துவர்கள் இன்று அந்த முறையை அவர் பெயரால் அறிவார்கள்.

அறுவைக்குப் பின்னர் நடப்பது வேறு கதை. இ.எஸ்.ஐ. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை கட்டைவிரல் இழப்புக்கு 30 சதவீதமும், ஒரு கையின் இரண்டு விரல்களுக்கு 20 சதவீதமும், நான்கு விரல்களுக்கு 50 சதவீதமும் சம்பாதிக்கும் திறன் குறைவதாக வகுத்தது. முழு ஊனத்துக்கான தொகை, சராசரிக் கூலியில் 90 சதவீதம். அதன்படி மாதம் 15,000 ரூபாய் கூலி பெற்றவருக்குக் கட்டைவிரல் போனால் மாதம் சுமார் 4,050 ரூபாய் கிடைக்கும். ஒப்பந்தக்காரர் பெயரைப் பதிந்திருந்தால்தான் இதுவும் சிக்கலின்றிக் கிடைக்கும்.

அவரே ஊனச் சான்றுக்காக அரசு மருத்துவ வாரியத்தின் முன் நின்றால் அளவுகோல் மாறுகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழாக இருந்த ஊன வகைகளை 21 ஆக்கியது. ஆயினும் சட்டம் தரும் பல சலுகைகளுக்கு 40 சதவீதம் என்ற வாசலைத் தாண்ட வேண்டும். வேறு குறைபாடு இல்லாமல் கட்டைவிரலை மட்டும் இழந்தவர் அதை எட்டுவது அரிது. ஓர் அலுவலகத்தில் ஊனமுற்றவர், இன்னோர் அலுவலகத்தில் உரிய அளவு ஊனம் இல்லாதவர். பிரஸ் பட்டறைக்குத் திரும்ப முடியாத அந்த மனிதருக்கு இரண்டு சான்றுகளும் ஒரே வாழ்க்கையைப் பற்றியவை.

தூரம்

1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமாகும்வரை, கும்மிடிப்பூண்டிக்காரருக்கு ஆட்சியர் அலுவலகம் காஞ்சிபுரத்தில் இருந்தது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரம். புதிய மாவட்டம் இதைச் சுருக்கியது, தீர்க்கவில்லை. கும்மிடிப்பூண்டி ரயில் வடக்குத் தடத்தில் ஓடுகிறது, திருவள்ளூர் ரயில் மேற்குத் தடத்தில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற சென்னைக்குள் போக வேண்டும். பேருந்தில் போனால் பெரியபாளையம் வழியாகச் சுற்ற வேண்டும். ஊன்றுகோலோடு உயரமான படி ஏறுபவருக்கு அது எளிதல்ல. 2022 ஜனவரி 12 அன்று திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மேற்குப் பகுதிக்கு அது பெரும் நன்மை. வடக்குப் பகுதி மக்களுக்கு இன்றும் ஸ்டான்லியே கைக்கெட்டும் பெரிய மருத்துவமனை.

உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இதைத்தான் குறிவைக்கிறது. குறிப்பாகக் கிராமப்புறங்களில், இருப்பிடத்துக்கு அருகிலேயே மருத்துவம், அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளுக்கும் தடையற்ற அணுகல், சிகிச்சையில் முன்னுரிமை, மாற்றுத்திறனாளிப் பெண்களுக்குப் பேறுகால, இனப்பெருக்க நலச் சேவை என்று அது பட்டியலிடுகிறது. நடைமுறையில் சாய்தளம் கட்டியதும் வேலை முடிந்ததாக எண்ணும் போக்கு பரவலாக உள்ளது. சக்கர நாற்காலியிலிருந்து ஏற முடியாத பரிசோதனைக் கட்டில், எடை பார்க்க முடியாத எடைக்கருவி, சைகை மொழி தெரிந்தவர் இல்லாத பிரசவ அறை ஆகியவை சாய்தளத்துக்கு அப்பால் இருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை, மாற்றுத்திறனாளிகளில் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள்வரை முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது. ஊனம் மட்டும் அதற்குக் காரணம் அல்ல. கவனிக்கப்படாத சாதாரண நோய்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்த வரலாற்றில் உண்மையான திருப்பம். இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரையோடு இயன்முறைப் பயிற்சியும் வலிதணிப்பு மருத்துவமும் வீட்டுக்கு வருகின்றன. ஒரே ஊழியர் குழு பல தேவைகளைப் பார்க்கிறது. மரத்தடியில் விட்டுப்போன நூல் இங்கே மீண்டும் கிடைத்திருக்கிறது. எனினும் ஊழியர் வரும் பகல் நேரத்தில், இரவு ஷிப்ட் முடித்த ஒடிசா, பீகார் தொழிலாளி வரிசை வீடுகளில் உறங்கிக்கொண்டிருப்பார். கும்மிடிப்பூண்டி, புழல் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் முதுமை எய்தும் தலைமுறைக்கும் தொடர்ச்சியான கவனிப்பு வேண்டும்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. உரிமைச் சட்டத்தின் 2017 விதிகளில் 17ஆம் விதியே, சொந்த மாவட்டத்தில் மட்டுமின்றி, தான் ஊனத்துக்குச் சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலும் ஒருவர் சான்றுக்கு விண்ணப்பிக்க இடம் தந்தது. வெளிமாநிலத் தொழிலாளிக்கு அதை அவர் மொழியில் சொல்ல ஒருவர் வேண்டும். கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நிலையான நாளில் கைப் பயிற்சியாளர் ஒருவரும் சிம்பு செய்பவர் ஒருவரும் அமர்ந்தால், தொழுநோயால் மடங்கிய விரலும் பிரஸ்ஸில் நசுங்கிய விரலும் அதே மேசையில் கவனிப்புப் பெறும். இ.எஸ்.ஐ. மருத்துவ வாரியமும் அரசு மருத்துவ வாரியமும் அந்த நாளில் அங்கேயே கூடலாம்.