சர்ப்பகந்தா கற்பிக்கும் பாடம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ‘பிரஷர்’ என்ற சொல்லை அறியாத வீடு அரிது. ஆனால், இரத்த அமுக்கத்தைத் தணிக்கும் மருந்துகளின் வரலாற்றில் நம் நாட்டு வேர் ஒன்றுக்கும் இடமுண்டு என்பதைப் பலர் அறியார்.

இலங்கையிலும் பாரதத்திலும் வளரும் சர்ப்பகந்தாவே அது. பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் நம் முன்னோர் அதனைக் கையாண்டனர். 1931இல் கல்கத்தா வைத்தியர்களான கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும், அது இரத்த அமுக்கத்தைக் குறைப்பதாக எழுதினர். 1949இல் பம்பாய் டொக்டர் ருஸ்தம் வக்கீல் 50 நோயாளரிடம் அதனைப் பரீட்சித்து, அளந்து கண்ட முடிவுகளைப் பிரித்தானிய இருதய மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார். மேனாட்டார் கவனம் இவ்வேரின்பால் திரும்பியது. 1952இல் சுவிற்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதனை உண்டோர் சிலரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. காலப்போக்கில் வேறு மருந்துகள் முதலிடம் பெற்றன.

முன்னோர் கண்டதை மதித்து, அதனை அளந்தும் பார்த்தமையே இவ்வரலாற்றின் பெருமை. உயர் இரத்த அமுக்கம் பெரும்பாலும் நோவேதுமின்றியே இருதயத்தையும் மூளையையும் கெடுப்பது. ஆகவே, ‘சுகமாயிருக்கிறேன்’ என்று தாமே குளிகையை நிறுத்திவிடும் பெரியோரை இளைஞராகிய நாம் வைத்தியரிடம் அழைத்துச் செல்வோமாக. நம் இரத்த அமுக்கத்தையும் அளந்தறிவோமாக.