உடலுக்குள் வைக்கும் குளுக்கோஸ் உணரி: ‘மூன்று தலைமுறை’ வரிசைக்கு ஒரு மறுப்பு

குளுக்கோஸ் உணரியின் வரலாற்றை எழுதுவோர் பலரும், ஜோசப் வாங் 2008இல் ‘கெமிக்கல் ரிவ்யூஸ்’ இதழில் எழுதிய நெடுங்கட்டுரையை ஒட்டியே செல்கிறார்கள். 1962இல் கிளார்க்கும் லயன்ஸும் தொடங்கிவைத்தார்கள். நொதி ஆக்சிஜனை நம்பியிருந்தது முதல் தலைமுறை. அதன் இடத்தில் செயற்கை மின்னணுக் கடத்தி வந்தது இரண்டாவது. நொதியிலிருந்து மின்னணு நேரே மின்முனைக்குப் பாய்வது மூன்றாவது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருப்பதால் இத்துறை நம் மாணவர்களுக்குப் புதிதல்ல. அவர்கள் முதலில் கற்பதும் இந்த வரிசையைத்தான். விரல்நுனி ரத்தத்தைச் சோதிக்கும் ஸ்ட்ரிப்புக்கு அது நன்றாகப் பொருந்தும். உடலுக்குள் வைக்கும் உணரிக்குப் பொருந்தாது என்பதே என் வாதம்.

வாங் தொடர் கண்காணிப்பைப் பற்றித் தனியே பேசுகிறார். அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் ‘தலைமுறை’ என்று பெயரிட்ட பிறகு, பழையது ஒழிந்து புதியது வந்ததாகவே வாசகர் எடுத்துக்கொள்கிறார். நடந்தது வேறு. டெக்ஸ்காம், மெட்ரானிக் ஆகிய நிறுவனங்களின் உணரிகள் இன்றும் அந்த ஆக்சிஜன் வினையில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடையே அளக்கின்றன. அதாவது முதல் தலைமுறை.

இங்கே கிளார்க்கின் காப்புரிமை ஒன்றை நிதானமாகப் படிக்க வேண்டும். 1965இல் விண்ணப்பித்து 1970இல் பெற்றது. மின்முனையில் வினைபுரியாத பொருளை, நொதியைக் கொண்டு வினைபுரியும் பொருளாக மாற்றி அளப்பது அதன் சாரம். அதோடு இன்னொன்றும் உண்டு: நொதி இல்லாத இரண்டாம் மின்முனை ஒன்றைப் பக்கத்தில் வைத்து, அதன் மின்னோட்டத்தைக் கழித்துவிடுவது. ரத்தத்தில் உள்ள பிற பொருள்கள் தாமாகவே மின்முனையில் வினைபுரிந்து அளவைக் கெடுக்கும் என்று கிளார்க் அப்போதே கணக்கில் எடுத்திருக்கிறார். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் அப்படிப்பட்ட பொருள். அதனால்தான் டெக்ஸ்காமின் பழைய உணரிகளில் அளவு பொய்யாக ஏறியது; 2018இல் வந்த ஜி6இல்தான் 6 மணி நேரத்துக்கு 1 கிராம் வரை எடுக்கலாம் என்றானது. 1965இன் கேள்விக்கு விடை கிடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

1967இல் அப்டைக்கும் ஹிக்ஸும் ‘நேச்சர்’ இதழில் இதே கழித்தல் முறையை ஆக்சிஜன் ஏற்ற இறக்கத்துக்குப் பயன்படுத்தினார்கள். திசுவில் குளுக்கோஸை ஒப்பிட ஆக்சிஜன் மிகக் குறைவு; உடலுக்குள் வைக்கும் உணரியின் தலையாய சிக்கல் அதுதான். சான் டியேகோவில் கஃப் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பன்றியின் உடலில் உணரி 520 நாள் இயங்கியது. அதுவும் இரண்டு ஆக்சிஜன் மின்முனைகளின் வேறுபாட்டையே அளந்தது. 1967இலிருந்து இதற்கு நேர்கோடு போட ஆவணச் சான்று மெலிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இரண்டின் அளவீட்டு அடிப்படையும் ஒன்றே. ஓராண்டைத் தாண்டி இயங்கிக் காட்டியது, மிகப் பழையதென்று ஒதுக்கப்பட்ட முறை. பழைய முறை இப்படி நீடிப்பதற்குத் தலைமுறை வரிசையில் இடமே இல்லை.

என் வாதத்துக்கு மறுப்பு வலுவாக வரக்கூடிய இடம் லிப்ரே என்னும் உணரி. ஆடம் ஹெல்லர் வகுத்த வழியில் ஆஸ்மியம் சேர்மம் மின்னணுவைக் கடத்துகிறது. பாராசிட்டமால் அதைக் குழப்புவதில்லை. இரண்டாம் தலைமுறையின் உண்மையான வெற்றி இது. ஆனால் அதிலும் வைட்டமின் சி மிகுந்தால் அளவு உயர்ந்து தெரியும். குறுக்கீடு நீங்கவில்லை, பொருள்தான் மாறியிருக்கிறது.

வரிசையை விட்டாலும் ஆண்டுக் கேள்வி எஞ்சுகிறது: பெராக்சைடு அளவீட்டின் தொடக்கமாக எந்த ஆண்டைக் குறிப்பது? கில்போவும் லுப்ரானோவும் கட்டுரை வெளியிட்ட 1973ஐ வாங் குறிக்கிறார். காப்புரிமையை ஏற்றால் 1965 அல்லது 1970. நான் 1965 பக்கம் சாய்கிறேன், உறுதியாக அல்ல. விண்ணப்பம் ஒரு கருத்துக்கே சான்று. உடலில் இயங்கிய கருவிக்கு அல்ல. உடலைக் கணக்கில் கொண்டால், ஒசாகாவில் ஷிச்சிரி ஊசி வடிவ உணரியை ‘லான்செட்’ இதழில் அறிவித்த 1982க்கும் உரிமை உண்டு.