மொராந்தி, ஜார்ஜியோ (1890–1964)

இத்தாலிய ஓவியர், செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் சித்திரக் கலையிலும் வல்லவர். புட்டி, ஜாடி, கிண்ணம், தகர டப்பா முதலிய சாதாரண வீட்டுச் சாமான்களை ஆயுள் முழுவதும் திரும்பத் திரும்ப எழுதி, நிலைப்பொருட் சித்திரம் என்னும் எளிய துறையை நுண்ணிய பாவங்களை வெளியிடும் கலையாக உயர்த்தியவர்.

முன்னோர்: ஹாலந்து தேசத்தில் 17ஆம் நூற்றாண்டில் இத்துறை செழித்தபோது, மண்டையோடும் அணைந்த விளக்கும் அழுகத் தொடங்கிய பழமும் வாழ்வின் அநித்தியத்தை உணர்த்தும் சின்னங்களாகப் பல சித்திரங்களில் இடம்பெற்றமையால், காண்போர் பொருளைத் தாண்டி அது போதிக்கும் நீதியையே தேடலாயினர். பிரான்சில் ஷார்தான் (1699–1779) அத்தகைய போதனையை ஏற்றாமல் சமையலறைச் செம்புப் பாத்திரத்தை அதன் அழகுக்காகவே எழுதினார். செசான் (1839–1906) ஆப்பிள்களைக் கொண்டு உருவங்களின் கட்டுக்கோப்பை ஆராய்ந்தார். மொராந்தி இவ்விருவரையும், ஜியோட்டோ, பியேரோ தெல்லா பிரான்செஸ்கா ஆகிய பழைய இத்தாலிய ஆசிரியர்களையும் வழிகாட்டிகளாகப் போற்றினார்.

வாழ்க்கை: பொலோன்யா நகரில் 1890 ஜூலை 20ஆம் நாள் பிறந்த இவர், அந்நகரத்து நுண்கலைக் கழகத்தில் பயின்றார். 1909இல் தந்தை காலமானபின் குடும்பம் போந்தாஸ்ஸா வீதியிலுள்ள வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. மணம் செய்துகொள்ளாமல், தாயுடனும் மூன்று சகோதரிகளுடனும் அங்கேயே வாழ்ந்தார். 1914 முதல் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆரம்பப் பாடசாலைகளில் சித்திர ஆசிரியராக உழைத்து, 1930இல் தாம் பயின்ற கழகத்திலேயே அச்சுச்சித்திரப் பேராசிரியராகி 1956 வரை அப்பதவியை வகித்தார். 1918ஐ ஒட்டிச் சில காலம் கிரிக்கோ, கார்ரா ஆகிய ஓவியர்களின் கனவுத்தன்மை வாய்ந்த சித்திர இயக்கத்தில் ஈடுபட்டுப் பின் விலகினார். வெளிநாட்டுப் பயணத்தில் நாட்டமில்லாத இவர் முதன்முதலாக அயல்நாடு சென்றது 1956இல், சுவிட்சர்லாந்துக்கு. 1964 ஜூன் 18ஆம் நாள் பொலோன்யாவிலேயே காலமானார்.

சாமான்களும் அமைப்பும்: சகோதரிகளின் அறையைக் கடந்தே செல்லக்கூடிய சிறிய அறையொன்று இவருக்குப் படுக்கையறையாகவும் சித்திரசாலையாகவும் பயன்பட்டது. அங்கே சேர்த்துவைத்த புட்டிகளின் பெயர்ச்சீட்டுகளைக் கிழித்தெறிந்தார். கண்ணாடியின் பளபளப்பு கண்ணை ஈர்க்காதிருக்கும் பொருட்டுச் சிலவற்றின்மீது மங்கிய வர்ணம் பூசினார், சிலவற்றுக்குள்ளே வர்ணத்தை ஊற்றினார். படியும் தூசியையும் துடைக்காமல் விட்டார். இவ்வாறு விலையும் உபயோகமும் வியாபாரப் பெயரும் நீங்கிய பின், ஒரு புட்டியிடம் எஞ்சியவை உயரம், பருமன், நிறம், நிழல் ஆகிய தன்மைகளே. மேஜைமீது விரித்த காகிதத்தில் ஒவ்வொன்றின் அடிப்பாகத்தையும் சுற்றிப் பென்சிலால் கோடிட்டு அதன் ஸ்தானத்தைக் குறித்துக்கொண்டார். பொருள்களை வைத்து, விரலளவு நகர்த்தி, வெளிச்சம் படும் விதத்தை நோக்கி, மீண்டும் மாற்றி வைப்பதில் நெடுநாள் செலவிட்ட இவர், அமைப்பு மனத்துக்கு இசைந்துவிட்டால் சித்திரத்தை விரைவாகவே எழுதி முடித்தார்.

பாவம்: இவருடைய சித்திரங்களில் உணர்ச்சி தனிப் பொருளிடத்தில் அமைவதில்லை, பொருள்களுக்கிடையேயுள்ள உறவிலேயே அமைகிறது. உயர்ந்த வெண்புட்டியின் ஓரம் பின்னாலுள்ள பெட்டியின் விளிம்போடு சரியாக ஒன்றிவிடும்போது, எது முன்னது எது பின்னது என்று கண் தடுமாறுகிறது; அதே புட்டி சற்றே விலகியவுடன் இடையில் தோன்றும் மெல்லிய நிழலிடுக்கு ஒரு தனி உருவத்தின் கனத்தைப் பெற்றுவிடுகிறது. சாம்பல், காவி, மண்நிறம், பாலேடு போன்ற வெண்மை என வர்ணங்களைக் குறுகிய எல்லைக்குள் அடக்கியமையால், அவற்றிடையே வரும் சிறு நீலமோ மஞ்சளோ பெரிய நிகழ்ச்சியாகத் தோன்றும். நெருங்கி ஒடுங்கி நிற்கும் பொருள்கள் ஒருவித அச்சத்தையும், வரிசையாக நிற்பவை அமைதியையும் நல்குகின்றன. கடைசி ஆண்டுகளின் நீர்வர்ணச் சித்திரங்களில் தூரிகை தொடாமல் விட்ட வெள்ளைக் காகிதமே கிண்ணமாகவும் புட்டியாகவும் நிற்கிறது.

சுற்றுப்புறம்: சாமான்களுக்கு அடுத்தபடியாக இவர் எழுதியவை அறை ஜன்னலிலிருந்து தெரிந்த வீட்டு முற்றமும், கோடையில் தங்கிய கிரிஸ்ஸானா என்னும் மலைக்கிராமத்து வீடுகளும் புழுதிப் பாதைகளுமே. பூங்கொத்துகளுக்கும் பலகாலம் வாடாது நிற்கும் பட்டுப் பூக்களையே பெரிதும் கொண்டார். புதுமையான விஷயத்தைத் தேடி அலைவதினும் பழகிய விஷயத்தை நெடுநேரம் நோக்குவதே கற்பனைக்கு ஊற்று என்பதை இவ்வாழ்க்கை தெளிவாக்குகிறது. ஆயினும் பழக்கம் கண்ணை மழுங்கச் செய்யாதிருக்க ஒவ்வொரு முறையும் அமைப்பையும் வெளிச்சத்தையும் மாற்றிக் கொள்ளும் கடுமையான சாதகம் அவசியமாயிற்று என்பதும் கருதத்தக்கது.

அச்சுச்சித்திரம்: பழைய கையேடுகளைக் கொண்டும் ரெம்பிராண்டின் படைப்புகளைக் கொண்டும் இவர் இக்கலையைத் தாமே பயின்றார். ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகளை நெருக்கியும் விலக்கியும் இடுவதால் மட்டுமே இருளின் பல படிகளைத் தோற்றுவித்தார். பொருளின் வெளிவரம்பைத் தனிக்கோடாக இழுக்காமல், பின்புலத்தின் இருள் முடியும் இடமே உருவத்தின் ஓரமாகும்படி செய்த தகடுகள் பல.

மதிப்பு: 1948இல் வெனிஸ் ஈராண்டுக் கலைக் கண்காட்சியிலும் 1957இல் பிரேசில் நாட்டு சான் பவுலோ கண்காட்சியிலும் ஓவியத்துக்கான பரிசு பெற்றார். இவர் எழுதிய தைலவர்ணச் சித்திரங்கள் 1,300க்கு மேற்பட்டவை. கிரிஸ்ஸானா கிராமம் 1985 முதல் கிரிஸ்ஸானா மொராந்தி என வழங்குகிறது. பொலோன்யாவில் இவர் பெயரால் 1993இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வாழ்ந்த வீடும் 2009 முதல் பொதுமக்கள் பார்வைக்கு உள்ளது. மகத்தான விஷயமே மகத்தான சித்திரத்தைத் தரும் என்ற பழைய கொள்கைக்கு 20ஆம் நூற்றாண்டில் எழுந்த மறுப்புகளுள் இவருடைய படைப்புகள் ஆரவாரமற்றவை, ஆனால் மிக உறுதியானவை.