கோலார் தங்கவயல்: மின், அழுத்தக்காற்றுக் கருவிப் பாதுகாப்பு

கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் சுரங்கங்களில் மின்சாரத்தாலும் அழுத்தக்காற்றாலும் இயங்கிய கருவிகளை விபத்தின்றிக் கையாளும் நடைமுறை. இங்குள்ள சுரங்கங்களை ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நிர்வகித்த காலத்தில், 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 147 கி.மீ. தொலைவுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பாறை துளைக்கும் கருவிகள் அழுத்தக்காற்றில் இயங்கின. அவை வெளியேற்றிய காற்று வெப்பமிக்க ஆழ்தளங்களில் சற்றே குளிர்ச்சியும் தந்தது.

அழுத்தக்காற்றில் நெருப்பில்லை என்பதால் அபாயமில்லை எனக் கருதுவது தவறு. இணைப்பு கழன்ற ரப்பர் குழாய் சாட்டைபோல் சுழன்று அடிக்கும். ஆகவே வால்வை மூடி, குழாயில் எஞ்சிய காற்றை வெளியேற்றிய பின்னரே இணைப்பைக் கழற்ற வேண்டும். கம்ப்ரசரின் மசகெண்ணெய் சூட்டில் கருகி, குழாய்களிலும் காற்றுத்தொட்டியிலும் கரியாகப் படிந்தால் தீப்பற்றி வெடிக்கக்கூடும். தொட்டிக்குப் பாதுகாப்பு வால்வும் அழுத்தமானியும் கட்டாயம்.

ஈரமும் வியர்வையும் உடலின் மின்தடையைக் குறைப்பதால் சுரங்கத்தில் மின்னதிர்ச்சி கடுமையாகும். எர்த்திங், சேதமற்ற கேபிள் உறை, பழுதுபார்க்கும்முன் சுவிட்சைப் பூட்டி எச்சரிக்கை அட்டை தொங்கவிடுதல் ஆகியவை அடிப்படை விதிகள்.

சுதந்திரத்துக்குப் பின் 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளும் இங்கு நடைமுறைக்கு வந்தன. இச்சுரங்கங்களைப் பின்னர் நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001இல் உற்பத்தியை நிறுத்தியது.