இரண்டு மண்கலங்கள்

எருசலேம் நகரின் மேற்கு மதிலோரமாக இறங்கி, தெற்கே வளைந்து, கீதரோன் ஓடையின் பள்ளத்தோடு சென்று கூடுகின்ற இன்னோம் பள்ளத்தாக்கு, பரப்பிலோ ஆழத்திலோ பெரிதாகச் சொல்லத்தக்கதன்று. ஆயினும் அதன் எபிரெயப் பெயராகிய 'கே இன்னோம்' என்பதே கிரேக்க மொழியில் 'கெகன்னா' என மருவி, தமிழ் வேதாகமத்தில் 'எரிநரகம்' என்று பெயர்க்கப்படும் சொல்லாயிற்று என்றால், ஒரு சிறு நிலத்தின் பெயரை இவ்வளவு கொடிய பொருளுக்கு உரியதாக்கிய சரித்திரம் யாதாக இருக்கும் என்று நாம் வினவாமல் இருக்க முடியாது.

அச்சரித்திரம் அச்சத்தில் தொடங்குகிறது. கி.மு. 735 அளவில் சீரியாவின் அரசனும் வட இஸ்ரவேலின் அரசனும் கூடி எருசலேமின்மேல் படையெடுத்தபோது, யூதாவின் அரசனாகிய ஆகாஸின் நெஞ்சம் காற்றில் ஆடும் காட்டு மரம்போல் அசைந்தது. வண்ணார்துறைக்குப் போகும் வழியில், மேல்குளத்து மதகின் அருகே அவனைச் சந்தித்த ஏசாயா தீர்க்கதரிசி, அஞ்சாதே, அமர்ந்திரு என்று எடுத்துரைத்தும் அவன் செவிசாய்க்கவில்லை. தேவாலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் வாரி அசீரியப் பேரரசனாகிய தீகலாத்பிலேசருக்குக் காணிக்கையாக அனுப்பினான். அவனே இன்னோம் பள்ளத்தாக்கில் தூபங்காட்டித் தன் பிள்ளைகளையும் அக்கினிக்கு ஒப்புவித்தான் என்று நாளாகமம் குறிக்கிறது. இவ்விரண்டு செயல்களும் வெவ்வேறானவையாகத் தோன்றினும் அவற்றின் வேர் ஒன்றே. மிக அருமையானதைக் கொடுத்து அபயத்தை விலைக்கு வாங்கிவிடலாம் என்னும் பேரம் அது. தீர்க்கதரிசிகள் விக்கிரகாராதனை என்று கடிந்தபோது, சிலையின் உருவத்தைக் காட்டிலும் அதன் முன் நடந்த இந்தப் பேரத்தையே மிகுதியாக அருவருத்தார்கள். பின்னாளில் யூதாவை 55 ஆண்டுகள் ஆண்ட மனாசேயும் அதே பள்ளத்தாக்கில் அதே வழக்கத்தைத் தொடர்ந்தான்.

மனாசேயின் பேரனாகிய யோசியா, கி.மு. 622 அளவில் தேவாலயத்தில் கண்டெடுக்கப்பட்ட நியாயப்பிரமாண நூலைக் கேட்டு வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, மேடைகளை இடித்து, அப்பள்ளத்தாக்கிலிருந்த தோப்பேத் என்னும் பலியிடத்தை இனி ஒருவரும் மோளேகு என்னும் தெய்வத்துக்குப் பிள்ளைகளைத் தீக்கடக்கப் பண்ணாதபடி தீட்டுப்படுத்தினான். ஆனால் நெடுநாள் வினையின் விளைவு ஒரு நல்லரசனின் மனந்திரும்புதலால் உடனே நின்றுவிடவில்லை; கி.மு. 609இல் மெகிதோவில் எகிப்தின் பார்வோனாகிய நேகோவை எதிர்த்து யோசியா மாண்டான். இருபது ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்துக்குள் நகரமே பாபிலோனுக்கு இரையாயிற்று.

அவ்விடைக்காலத்தில்தான் எரேமியா தீர்க்கதரிசி, குயவன் செய்த மண்கலசம் ஒன்றை வாங்கிக்கொண்டு, மூப்பர்களையும் ஆசாரியர்களையும் இன்னோம் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்று, இது இனிச் சங்காரப் பள்ளத்தாக்கு எனப்படும் என்று கூறி, அதை அவர்கள் கண்முன்னே உடைத்தார். உடைந்த ஓட்டை ஒட்டுவார் எவருமில்லை என்பதே அச்செயலின் உபதேசம். அதற்குக் கிடைத்த சன்மானம், அடியும் தொழுமரத்தில் ஓர் இரவும்.

பின்பு பாபிலோன் அரசனாகிய நேபுகாத்நேச்சாரின் சேனை வந்து நகரை வளைத்தது. 1935ஆம் ஆண்டில் யூதாவின் லாகீஸ் கோட்டை வாயிலருகே அகழ்ந்தெடுக்கப்பட்ட மண்ணோடுகளில் அக்காலத்தில் மையினால் எழுதிய கடிதங்கள் சில காணப்பட்டன. அவற்றுள் ஒன்றை எழுதிய வீரன், லாகீஸின் தீக்குறிகளை நோக்கியிருக்கிறோம், அசெக்காக் கோட்டையின் குறிகளோ தென்படவில்லை என்று தெரிவிக்கிறான். தேசம் அணைந்துகொண்டிருந்ததை உடைந்த பானைத் துண்டு ஒன்று இன்றும் சாட்சி சொல்கிறது.

இந்த முற்றுகையின் நடுவே, காவல் முற்றத்தில் சிறைப்பட்டிருந்த எரேமியாவிடம் அவருடைய பெரிய தகப்பன் மகன் வந்து, ஆனதோத் ஊரிலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னான். ஆனதோத்தோ எருசலேமுக்கு அருகே, பகைவர் கைவசமாகிவிட்ட நாட்டுப்புறத்தில் இருந்தது. எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துக் கிரயப்பத்திரம் எழுதி முத்திரையிட்டு, நெடுநாள் இருக்கும்படி அதை ஒரு மண்பாண்டத்தில் வைக்குமாறு தம் எழுத்தராகிய பாருக்கிடம் சொன்னார். முன்பு ஒரு மண்கலத்தை உடைத்த அதே கைகள், நகரம் உடையும் நேரத்தில் இன்னொரு மண்கலத்தை நம்பிக்கைக்குப் பேழையாக்கின. பத்திரம் எழுதி முடித்த பின்னும் அவர் மனம் கலங்கி, இதன் பொருள் யாது என்று கடவுளிடம் முறையிட்டார் என்பது கவனிக்கத்தக்கது. விசுவாசம் கலக்கமற்ற நிலையாக அவருக்கு அமையவில்லை. கீழ்ப்படிதல் முந்தியது, விளக்கம் பிந்தியது. வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் இத்தேசத்தில் மீண்டும் விலைக்குக் கொள்ளப்படும் என்பதே அவ்விளக்கம்.

அவரைத் துன்பம் விட்டுவைத்ததா என்றால், இல்லை. சேற்றுத் துரவில் இறக்கப்பட்டார். எத்தியோப்பியனாகிய எபெத்மெலேக்கு, கயிறு அறுக்காதபடி கந்தைகளை அக்குளில் வைத்துக்கொள்ளச் செய்து அவரைத் தூக்கியெடுத்தான். நகரம் எரிந்தபின், போகவேண்டாம் என்று அவர் தடுத்த எகிப்துக்கே எஞ்சிய மக்கள் அவரையும் கொண்டுபோனார்கள். ஆனதோத்தில் அவர் ஒரு படி தானியம் அறுத்ததாக வேதாகமம் எங்கும் கூறவில்லை. பிறருடைய பாவத்தின் பயனை நீதிமானும் சேர்ந்து சுமந்தார்.

எனினும் இன்னோம் பள்ளத்தாக்கு முற்றிலும் சாபத்துக்கே விடப்படவில்லை. 1979ஆம் ஆண்டில், அதற்கு மேலுள்ள பாறைச் சரிவின் பழைய கல்லறை ஒன்றில் தொல்லியலாளர் கேப்ரியேல் பார்க்காயின் குழுவினர் சுண்டுவிரலினும் சிறிய இரண்டு வெள்ளிச் சுருள்களைக் கண்டெடுத்தனர். எரேமியாவின் காலத்தை ஒட்டியவை என்று அறிஞர் பலர் கருதும் அவற்றில், எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்திலுள்ள ஆசாரிய ஆசீர்வாதத்தின் வாசகம் கீறப்பட்டிருந்தது. ஆகாஸின் வெள்ளி அசீரியாவுக்குப் போயிற்று. பெயரறியாத ஒருவரின் வெள்ளியோ, கடவுள் காப்பார் என்னும் சொல்லைத் தாங்கிக்கொண்டு அவரோடு கல்லறைக்குச் சென்றது.

பாபிலோன் கி.மு. 539இல் பெர்சிய அரசனாகிய கோரேசுக்கு வீழ்ந்த பிறகு, சிறையிருப்பினின்று திரும்பியவர்களின் அட்டவணையை எஸ்றாவின் நூல் ஊர் ஊராகத் தருகிறது. வெறும் பெயர்களும் எண்களுமான அந்தப் பட்டியலில், வாசகன் எளிதாகத் தாண்டிப்போகும் ஒரு வரியில், ஆனதோத்தின் மனிதர் 128 பேர் என்று எழுதியிருக்கிறது.