பிரதமர் பெயர் பெற்ற புரசு

ஹௌரா தாவரவியல் பூங்காவுக்குப் போகிறவர்கள் நேரே அந்தப் பெரிய ஆலமரத்தைத் தேடித்தான் ஓடுகிறார்கள். ஓடட்டும். கோடை தொடங்கும் மார்ச் மாதத்தில் போனால், இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செக்கச்செவேலென்று நிற்கும் புரசமரத்தடியில் கொஞ்சம் நில்லுங்கள். கீழே கிடக்கும் பூ ஒன்றை எடுத்துப் பாருங்கள். தொட்டால் மெத்தென்றிருக்கும் கரும்பழுப்புப் புல்லிவட்டம். அதிலிருந்து கிளிமூக்காய் வளைந்து வரும் செவ்விதழ். மணம் கிடையாது. தேன் உண்டு, அதற்காகக் குருவிகள் கூட்டம்கூட்டமாய் வரும்.

இந்தப் பூங்கா அழகு பார்க்கப் பிறந்ததல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி ராபர்ட் கிட் 1787இல் இதைத் தொடங்கியது, கப்பலுக்குத் தேக்கும் கம்பெனிக்குக் காசு தரும் செடிகளும் வளர்த்துப் பார்க்கத்தான். 1793இல் பொறுப்பேற்ற வில்லியம் ராக்ஸ்பரோ நம் கரையில் தொழில் பழகியவர். சென்னை மாகாணத்துக்கு மருத்துவராக வந்து, காக்கிநாடா பக்கம் சாமர்லகோட்டாவில் தோட்டம் போட்டவர். சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றி 1795 முதல் மூன்று தொகுதிகளாக வந்த அவருடைய நூலில் 300 படங்கள். முதல் தொகுதியிலேயே புரசு இடம்பிடித்துவிட்டது. அதன் பூச்சாற்றில் என்ன சாயம் எடுக்கலாம், பட்டையில் கசியும் சிவப்புப் பிசின் எதற்கு ஆகும், அரக்குப்பூச்சி அதில் எப்படி வாழ்கிறது என்பதில்தான் கம்பெனிக்காரர்களின் கண். குற்றம் சொல்ல மாட்டேன், சம்பளம் அதற்குத்தானே!

மரத்துக்கு வாய்த்த பேரினப் பெயர் ‘பியூட்டியா’. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த, செடிகொடிப் பித்துப் பிடித்த பியூட் பிரபுவுக்குச் செய்த மரியாதை அது. நூலின் படங்களுக்கு மூலம் வரைந்த இந்திய ஓவியர்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான். எங்கள் பாட்டி புரச இலையை ஈர்க்கால் தைத்து அதில்தான் சோறு போடுவாள். வீட்டு ஹோமத்துக்கும் புரசங்குச்சிதான். அந்த அறிவெல்லாம் கம்பெனி வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே இருந்தது.

இன்று நம் ஊர்ச் சாலைகளில் கோடைச் சிவப்பு என்றால் மே மலர்தான். அதன் சொந்த ஊர் மடகாஸ்கர். விருந்தாளியை விரட்டச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை தெருவிலோ பள்ளியிலோ மரம் நட நாற்றங்காலுக்குப் போகும்போது, புரசங்கன்று இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கிறவர்கள் இருந்தால்தான் அவர்களும் வளர்ப்பார்கள்.